பின்வாசல் வழியாக வந்த மனுதாரர்

மார்ச் மாதம் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி நாற்பது நிமிடம். மழை பெய்யவும் இல்லை, விட்டபாடும் இல்லை; குடையை விரித்தவர்கள் மடக்கினார்கள், மடக்கியவர்கள் விரித்தார்கள். அகால மரணத் தீர்வழித் தேர்வு வாரியத்தின் முன்வாசலில் ஒரு பூட்டுக்காரர் வந்து நின்றார். பழக்கதோஷத்தால் முதலில் கதவின் பூட்டைத்தான் பார்த்தார். ஆறு ஆண்டுகளுக்கு முன் அவரே மாட்டிய பூட்டு. அதன்மீது குறை சொல்ல ஒன்றும் இல்லை.

உள்ளே, கூடத்தின் நெற்றியில், வாரியத்தின் வாசகம் பொன்னெழுத்தில் மின்னியது: ‘உங்கள் துயரம், எங்கள் நடைமுறை.’ அதன்கீழ் வரிசையாக நான்கு கதவுகள் இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு பலகை: குற்றப் புகார், இழப்பீட்டு வழக்கு, சமரசம், துறை விசாரணை. நான்கிற்கும் பொதுவாக ஐந்தாவதாக ஒரு பலகையும் இருந்தது: ‘ஒன்றைத் திறந்தால் மற்றவை மூடப்படும்.’ இப்படி ஒரு பூட்டு அமைப்பைத் தம் முப்பது ஆண்டுத் தொழிலில் பூட்டுக்காரர் கண்டதில்லை.

வழிகாட்டு அலுவலர் ஓர் அம்மையார். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

“சொல்லுங்க.”

“என் வீட்டுக்காரி வேலை செய்ற எடத்துல இறந்துட்டா, மேடம். என்ன செய்யலாம்னு கேக்க வந்தேன்.”

“நாலு வழி இருக்கு. ஒண்ணைத் தேர்ந்தெடுங்க.”

“ஒவ்வொரு வழியும் என்னன்னு கொஞ்சம் சொன்னீங்கன்னா…”

“தேர்ந்தெடுத்தவங்களுக்குத்தான் விளக்கம்.”

“விளக்கம் தெரியாம எப்படி மேடம் தேர்ந்தெடுக்கிறது?”

“முன்னாடியே விளக்கிட்டா, நாங்க சொல்லித்தான் நீங்க எடுத்தீங்கன்னு ஆயிடும். நாங்க நடுநிலை.” அம்மையார் ஒரு படிவத்தைத் தடுப்பின் அடிவழியே தள்ளினார். “முதல்ல இதை நிரப்புங்க. பாதிக்கப்பட்டவர் நேர்ல வரணும்.”

“பாதிக்கப்பட்டது என் வீட்டுக்காரிதான் மேடம்.”

“அதான் சொல்றேன். அவங்க வரணும். வர முடியலேன்னா காரணம் எழுதணும்.”

படிவத்தில் காரணங்கள் அச்சிடப்பட்டிருந்தன: உடல்நலக் குறைவு, வெளியூர்ப் பயணம், பணிச்சுமை, பிற. பூட்டுக்காரர் ‘பிற’ என்பதில் குறியிட்டு, எதிரே ‘இறந்துவிட்டார்’ என்று எழுதிக் கொடுத்தார். மூன்று வாரங்கள் கழித்துப் படிவம் ஒரு வினாவோடு திரும்பி வந்தது: ‘எந்தத் தேதி வரை வர இயலாது என்பதைக் குறிப்பிடவில்லை.’

கூடத்தின் மூலையில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த அலுவலக உதவியாளர், பூட்டுக்காரர் பேனாவை வைத்துக்கொண்டு விழிப்பதைப் பார்த்து எழுந்து வந்தார்.

“என்ன அண்ணே, தேதி கேட்டிருக்காங்களா?”

“ஆமாம்ணே. என்னன்னு எழுதுறது?”

“‘மறு அறிவிப்பு வரை’ன்னு போடுங்க. இங்க எல்லாருமே அப்படித்தான் போடுறாங்க. மறுபேச்சு இல்லாம வாங்கிக்குவாங்க.”

பூட்டுக்காரர் அவ்வாறே எழுதினார். மறுபேச்சின்றி வாங்கிக்கொண்டார்கள்.

அவருக்கு வேண்டியிருந்தது நான்கு கதவுகளில் எதுவும் அன்று. ஒரே ஒரு வரியை நீக்க வேண்டும் என்பதே. அந்த வரியின் கதை இது. அவர் மனைவி, மருத்துவமனைப் படுக்கை விரிப்புகளை வெளுத்துத் தேய்க்கும் ஒரு பெரிய சலவை ஆலையில் பத்தொன்பது ஆண்டுகள் வேலை செய்தவர். நான்காம் எண் எந்திரம் அவருடையது: சூடான இரண்டு உருளைகளுக்கு நடுவே விரிப்பு ஈரமாய்ப் போய்ச் சலவையாய் வெளிவரும். துணி சிக்கிக்கொண்டால் முதலில் சுவிட்சை அணைக்க வேண்டும். அணைத்த சுவிட்சில் தம் சொந்தப் பூட்டைப் போட வேண்டும். சாவியைத் தம் உடம்போடு வைத்துக்கொள்ள வேண்டும். அதன் பிறகே கையை உள்ளே விட வேண்டும். கை உள்ளே இருக்கும்வரை பூட்டு இருக்கும். பூட்டு இருக்கும்வரை எந்திரம் ஓடாது. மனிதன் கண்டுபிடித்த விதிகளில் பூட்டுக்காரருக்கு முழுச் சம்மதமான விதி இது ஒன்றுதான். மனைவியின் பூட்டை அவரே தேர்ந்து, சாவியை அவரே அரம் போட்டுக் கொடுத்திருந்தார். அடையாளத்துக்காக அவர் மனைவி அதன் அடிப்பக்கம் சிவப்பு நகப்பூச்சில் ஒரு பொட்டு வைத்திருந்தார்.

ஆனால் அந்த ஆலையில் வேறொரு வழக்கமும் இருந்தது. வேலை முடிந்து போகிறவர்கள் சில நாள் பூட்டைக் கழற்ற மறந்து, சாவியோடு வீட்டுக்குப் போய்விடுவார்கள். அடுத்த முறைக்காரர்கள் எந்திரத்தின் முன் கை கட்டி நிற்பார்கள். அதற்காக மேற்பார்வையாளர் நீண்ட பிடி வைத்த வெட்டுக்கருவி ஒன்றை எப்போதும் தோளில் சாத்தியபடி நடப்பார். தொழிலாளர்கள் அவரைக் ‘கத்தரி’ என்றே அழைத்தார்கள். முறை மாறும் மணி அடித்ததும் கத்தரி வரிசையாக வருவார், தொங்கும் பூட்டுகளை வெட்டுவார், சுவிட்சுகளைப் போடுவார். மறந்துவிட்டுப் போன பூட்டுக்கும் மறவாமல் போட்ட பூட்டுக்கும் பார்வைக்கு வேற்றுமை இல்லை. அன்று மணி அடித்தபோது நான்காம் எந்திரத்தின் அந்தப் பக்கம், சிக்கிய விரிப்பை இழுத்துக்கொண்டு பூட்டுக்காரரின் மனைவி குனிந்திருந்தார்.

ஆலையின் அறிக்கை சுருக்கமானது: ‘சுவிட்சைப் பூட்டாமல் கையை விட்டதே காரணம். இறந்தவரின் சொந்தக் கவனக்குறைவு.’ தரையில் கிடந்த பூட்டை எவரோ நல்ல மனிதர் பொறுக்கி உறையில் போட்டு முத்திரையிட, அது வாரியத்துக்கு வந்து ‘சான்றுப் பொருள் ஒன்பது’ ஆனது. பதிவேட்டில் அதன் விவரம்: ‘உலோகப் பொருள், ஒன்று.’ சாவி மட்டும் மனைவியின் உடைகளோடு மருத்துவமனையிலிருந்து பூட்டுக்காரரின் கைக்கு வந்திருந்தது.

ஒருநாள் மாலை, பத்தொன்பது வயது மகள் வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் கேட்டாள்.

“அப்பா, அம்மாகூட வேலை செஞ்ச அத்தையைப் பஸ்ல பாத்தேன். புதுசா சேர்றவங்களுக்கெல்லாம் அங்க அம்மா கதையைத்தான் பாடமா சொல்றாங்களாம். ‘நாலாம் நம்பர்காரம்மா மாதிரி செய்யாதீங்க’ன்னு. உண்மையா?”

பூட்டுக்காரர் அரத்தைக் கீழே வைத்தார்.

“அம்மா பூட்டாம போயிருப்பாங்களாப்பா?”

“வீட்டுப் பீரோவைப் பூட்டிட்டு ரெண்டு தடவை இழுத்துப் பாக்குறவ அவ.”

“அப்ப அதை யாருப்பா அவங்ககிட்ட சொல்றது?”

இந்தக் கேள்வியோடுதான் அவர் வாரியத்தின் மாதாந்தர விளக்கக் கூட்டத்துக்குப் போனார். தலைவர் மேடையேறினார். பின்வரிசையில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு ஒரு தாய் அழுதுகொண்டிருந்தார். தலைவர் அதை வரவேற்பாக எடுத்துக்கொண்டு தலை வணங்கினார்.

“அன்பான குடும்பத்தாரே! நம்ம வாரியம் ஆரம்பிச்சுப் பதினாலு வருஷம் ஆகுது. இந்தப் பதினாலு வருஷத்துல நாங்க குடுத்த தீர்ப்புல ஒரு பிழைகூட யாராலயும் கண்டுபிடிக்க முடியல. ஏன்? நாங்க அவசரப்பட்டு ஒரு தீர்ப்பும் குடுத்ததில்ல. சில பேர் கேக்குறாங்க, இவ்வளவு தாமதம் ஏன்னு. நான் சொல்றேன், துக்கம் ஆறுறதுக்குக் காலம் வேணும். அந்தக் காலத்தை உங்களுக்கு இலவசமாக் குடுக்குற ஒரே அலுவலகம் இதுதான். போன வருஷம் மட்டும் நூத்துப் பதினேழு குடும்பம் மனுவைத் தாங்களாவே திரும்ப வாங்கிக்கிட்டாங்க. எவ்வளவு மனநிறைவு இருந்தா அப்படிச் செய்வாங்க!”

அலுவலர்கள் கைதட்டினார்கள். கேள்வி நேரத்தில் பூட்டுக்காரர் எழுந்தார்.

“சார், நான் பெருசா ஒண்ணும் கேக்கல. அவ பூட்டலேன்னு ஒரு வரி எழுதியிருக்காங்க. அது தப்பு. அந்தப் பூட்டு இங்கதான் இருக்கு, சாவி என்கிட்ட இருக்கு. சேத்துப் பாத்தா தெரிஞ்சுடும். அரை நிமிஷ வேலை.”

தலைவர் கனிவோடு சிரித்தார். “நல்ல கேள்வி. வரியை நீக்குறதுக்கு நாலு வழியிலயும் இடமில்ல. ஆனா சான்றுப் பொருளைப் பத்திக் கவலையே படாதீங்க. பாதுகாப்பா இருக்கு. எங்களாலயே எடுக்க முடியாத அளவுக்குப் பாதுகாப்பா இருக்கு.”

தலைவர் மிகைப்படுத்தவில்லை என்பதை அன்று மாலை உதவியாளர் உறுதிசெய்தார்.

“சான்று அலமாரி பூட்டு இறுகிப் போச்சு அண்ணே. நாலு மாசம் ஆகுது. சாவி உள்ள போகுது, திரும்ப மாட்டேங்குது. ஆள் கூப்பிடணும்னு கோப்பு ஒண்ணு மாடிக்கும் கீழுக்கும் போயிட்டு வருது.”

“அண்ணே! நான் பூட்டுக்காரன்ணே!”

“தெரியும். உங்க விரலைப் பாத்தப்பவே தெரியும். அதனாலதான் வாயைத் தொறக்கல. மனுதாரர் அலமாரிப் பக்கம் போகக்கூடாதுன்னு விதி இருக்கு. நீங்க பாட்டுக்கு ‘நான் தொறக்குறேன்’னு கெளம்பிட்டீங்கன்னா, உங்க மனுவையும் சேத்து உள்ள வெச்சுப் பூட்டிடுவாங்க.”

பூட்டுக்காரர் பொறுத்தார். இந்த நாட்டில் பூட்டும் பொறுமையும் தெரிந்தவன் பட்டினி கிடக்கமாட்டான் என்று அவருக்குத் தொழில் கற்பித்தவர் சொன்னதுண்டு. வாரியத்தைப் பற்றி அந்த மனிதர் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை. ஏப்ரல் போனது, மே போனது. பூட்டுக்காரர் வாரத்துக்கு ஒருநாள் வந்து, சீட்டு வாங்கிக்கொண்டு, கூடத்தில் உட்கார்ந்து, சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஆகஸ்டு மாதம் பதினான்காம் தேதி அவர் கையில் அறுபத்திரண்டாம் எண் சீட்டு இருந்தது. பராமரிப்புப் பிரிவின் கதவையொட்டிய பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சட்டைப்பையில் கைப்பேசி ஒலித்தது.

“பூட்டு ரிப்பேர் பண்றவர்தானே? நான் வாரியத்துலேர்ந்து பராமரிப்பு அலுவலர் பேசறேன். பதிவு பெற்ற பணியாளர் பட்டியல்ல உங்க முறை வந்திருக்கு. வாசக்கதவுப் பூட்டு நீங்கதானே மாட்டுனீங்க? ஒரு அலமாரி தொறக்கணும். எவ்வளவு நேரத்துல வருவீங்க?”

குரல் கைப்பேசியிலும் கேட்டது. கதவுக்கு அந்தப் பக்கமிருந்தும் கேட்டது.

“சார், நான் உங்க கதவுக்கு வெளியதான் உக்காந்திருக்கேன்.”

கதவு திறந்தது. ஒல்லியான ஒருவர், காதில் கைப்பேசியோடு, பூட்டுக்காரரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, எதிரே நிற்பவரிடம் கைப்பேசியிலேயே தொடர்ந்தார்.

“இது மனுதாரர் உக்கார்ற இடமாச்சே. பணியாளர் பின்வாசல் வழியாத்தான் வரணும்.”

“ரெண்டும் நான்தான் சார்.”

“அது எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கவும் மாட்டேன். மனுதாரர் சட்டப் பிரிவு. பணியாளர் என் பிரிவு. பின்வாசல்ல யார் வர்றாரோ அவர் பணியாளர்.”

பூட்டுக்காரர் அறுபத்திரண்டாம் எண் சீட்டை உதவியாளரிடம் கொடுத்துவிட்டு, முன்வாசல் வழியே வெளியேறி, கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின்வாசலுக்கு வந்தார். கதவைத் திறந்துவிட்டவர் அதே பராமரிப்பு அலுவலர்.

“வாங்க, வாங்க. வழி கண்டுபிடிக்கிறதுல சிரமம் இல்லையே?”

“இல்லீங்க சார்.”

சான்று அலமாரி முன் வழிகாட்டு அம்மையார் காத்திருந்தார். பின்வாசல் வழியாக வந்தவரைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

“சார், இவர் மனுதாரர்! இவர் வழக்கோட சான்று இதுக்குள்ளதான் இருக்கு. இவர் பாக்கக் கூடாது.”

“பாக்க வேண்டாமே. தொறந்தா போதும்.”

“பாக்காம எப்படித் தொறப்பார்?”

இருவரும் பூட்டுக்காரரைப் பார்த்தார்கள்.

“பூட்டு வேலை கை வேலைதான் மேடம். கண்ணு எதுக்கு?”

ஆக, ஓர் அரசு அலமாரியைத் திறப்பதற்காக ஓர் அரசு அலுவலர், தம் கைக்குட்டையால் ஒரு பூட்டுக்காரரின் கண்களைக் கட்டினார். முடிச்சு சரியாக விழுந்திருக்கிறதா என்று அம்மையார் சரிபார்த்து, நேரத்தைக் குறித்துக்கொண்டார். பூட்டுக்காரர் எண்ணெய் விட்டார். மெல்லிய கம்பியை நுழைத்தார். தலையைச் சாய்த்துக் கேட்டார். எட்டு மாதமும் ஒரு கோப்பும் திறக்காத அலமாரி, நாற்பது விநாடியில் திறந்தது.

“முடிஞ்சுது சார்.”

“நல்லது. அப்படியே திரும்பி நில்லுங்க. பணி நிறைவுப் படிவத்தை நிரப்பிட்டா நீங்க போகலாம்.” பராமரிப்பு அலுவலர் படிவத்தை உரக்கப் படிக்கத் தொடங்கினார். அவர் படிவத்தில் ஒரு கட்டத்தையும் வெற்றாக விட்டு வாழ்நாளில் கையெழுத்திட்டதில்லை. “வேலையின் தன்மை, பூட்டுத் திறப்பு. ஆன நேரம், நாற்பது விநாடி. ‘பணியிடத்தில் காணப்பட்ட பூட்டுகள் அனைத்தின் வகை, நிலை, சேதம், சேதத்துக்கான காரணம்.’ அலமாரிப் பூட்டு, உள்ளே துரு. அடுத்து…” அவர் அலமாரிக்குள் எட்டிப் பார்த்தார். “மேடம், உள்ள ஒரு உறையில இன்னொரு பூட்டு இருக்கே.”

“அது பூட்டு இல்ல சார், உலோகப் பொருள்.”

“பூட்டுதான் மேடம். எனக்குப் பூட்டு தெரியும்.”

“அதை இவர் பாக்கக் கூடாது!”

“‘அனைத்தின்’னு போட்டிருக்கு. அனைத்தின்னா அனைத்தின்தான். உறை, முத்திரை எல்லாம் உங்க பிரிவு. பூட்டு என் பிரிவு. இதை விட்டுட்டு நான் கையெழுத்துப் போட்டா நாளைக்குத் தணிக்கையில யார் பதில் சொல்றது?”

இரண்டு பிரிவுகளுக்கும் நடுவே, கண் கட்டியபடி, சுவரைப் பார்த்துப் பூட்டுக்காரர் நின்றார். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு, உறையை அம்மையார் பிரிப்பது, பூட்டைப் பராமரிப்பு அலுவலர் எடுத்துக் கொடுப்பது, பணியாளர் அதைப் பணியாளராக மட்டும் பார்ப்பது என்று முடிவானது. கைக்குட்டை அவிழ்ந்தது.

பூட்டு அவர் உள்ளங்கையில் இருந்தது. அடிப்பக்கச் சிவப்புப் பொட்டு பாதி உரிந்திருந்தது. பூட்டுக்காரர் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து நுழைத்துத் திருப்பினார். அது திரும்பியது. அந்த ஓசையைக் கேட்டு அவர் கண்ணை மூடிக்கொண்டார். இந்த முறை எவரும் கட்டவில்லை.

“சொல்லுங்க, எழுதிக்கிறேன்,” என்றார் பராமரிப்பு அலுவலர், குரலைச் சற்றுத் தாழ்த்தி.

“தொங்கு பூட்டு. உள்வேலை நல்லா இருக்கு. பூட்டுன நிலையிலயே வளையத்தை வெளியிலேர்ந்து வெட்டியிருக்காங்க. நீளப் பிடி வெட்டுக்கருவி. முதல் கடி வழுக்கியிருக்கு, ரெண்டாவது கடியில அறுந்திருக்கு. வெட்டுன பிறகுதான் இப்ப முதல் தடவையா சாவியால தொறக்குது.”

“சேதத்துக்கான காரணம்?”

“பூட்டு பூட்டியிருந்ததுதான் சார் காரணம்.”

பராமரிப்பு அலுவலர் அதையும் எழுதினார். மூன்று படிகளிலும் கையெழுத்திட்டார், முத்திரையிட்டார்.

அதன் பிறகு வாரியத்தில் நடந்தவற்றை உதவியாளர் வாயிலாகவே பூட்டுக்காரர் அறிந்தார். மனுதாரரின் சொல் சான்றாகாது என்று சட்டப் பிரிவு எழுதியது. பணி நிறைவுப் படிவத்தைத் திருத்தவோ மறுக்கவோ சட்டப் பிரிவுக்கு அதிகாரம் இல்லை என்று பராமரிப்புப் பிரிவு எழுதியது. படிவத்தை நிராகரித்தால் அலமாரி திறக்கப்படவில்லை என்று ஆகும். ஆனால் அலமாரியோ எல்லோரும் பார்க்கத் திறந்து கிடந்தது. படிவத்தை ஏற்றால் பூட்டு பூட்டியிருந்தது என்று ஆகும். பூட்டு பூட்டியிருந்தால் அந்த வரி நிற்காது. தலைவர் இரண்டு மாதம் இதைப் பற்றிச் சிந்தித்தார். ஆலையிலிருந்து இரண்டு முறை பெரிய கார் ஒன்று வந்து போனது. இறுதியில், அலமாரி திறந்துவிட்டது என்ற கண்கூடான உண்மையை மறுக்க முடியாமல், பதினான்கு ஆண்டுகளில் முதல் முறையாக, வாரியம் ஒரு தீர்ப்பை எழுதியது.

நவம்பர் மாதம் இருபதாம் தேதி, வியாழக்கிழமை, பூட்டுக்காரரும் மகளும் கூடத்துக்கு வந்தார்கள். இப்படி ஒரு நாளுக்கு வாரியத்தில் முன்மாதிரி இல்லாததால் தீர்ப்பை எப்படிக் கொடுப்பது என்று எவருக்கும் தெரியவில்லை. தலைவர், பேனாவின் மூடியைக் கழற்றவே நெடுநேரம் எடுத்துக்கொண்டு, கையெழுத்திட்டார்.

“இது எங்க வாரியத்தோட வரலாற்றுச் சாதனை,” என்றார். “முதல் முப்பத்தெட்டுப் பத்தியில வாரியத்தோட சேவைகளை விளக்கியிருக்கேன். உங்க விஷயம் முப்பத்தொன்பதாவது.”

வழிகாட்டு அம்மையார் தாளை வாங்கிப் பதிவேட்டைத் திறந்தார். பேனா நின்றது.

“எந்த முறையில வாங்கிக்கிறீங்க? மனுதாரர்னா தபால்லதான் அனுப்பணும், ஆறு வாரம் ஆகும். பணியாளர்னா கையில குடுக்கலாம், ஆனா பணியாளருக்குத் தீர்ப்பு குடுக்க விதி இல்ல.”

பூட்டுக்காரர் மகளைப் பார்த்தார். எட்டு மாதங்களில் அவர் கணவராக எங்கும் உட்கார அனுமதிக்கப்படவில்லை.

“என்கிட்ட குடுங்க,” என்றாள் மகள்.

“நீங்க யாரும்மா?”

“எனக்குச் சீட்டும் இல்ல, உங்க பட்டியல்ல பேரும் இல்ல. நான் அவங்க பொண்ணு.”

அம்மையார் பதிவேட்டின் கட்டங்களில் விரலை ஓட்டினார். மகளுக்குக் கொடுக்கலாம் என்று எங்கும் இல்லை. கொடுக்கக்கூடாது என்றும் எங்கும் இல்லை. தலைவரைப் பார்த்தார், தலைவர் பேனாவை மூடிக்கொண்டிருந்தார். அம்மையார் சுற்றிலும் பார்த்துவிட்டு, தடுப்பின் பக்கம் குனிந்தார். அவ்வளவு காலமும் நடுநிலையாக இருந்த குரல் முதல் முறையாகத் தணிந்தது.

“இதைக் கையில வெச்சுக்கிட்டுப் போலீஸ்ல புகாரும் குடுக்கலாம், கோர்ட்டுல இழப்பீட்டுக்கும் போடலாம்மா. ரெண்டையும் ஒரே நேரத்துல செய்யலாம். ஒண்ணுதான்னு சட்டத்துல எங்கயும் இல்ல. எங்க பலகையில மட்டும்தான் இருக்கு.”

“முதல்ல அந்த ஆலைக்குத்தான் மேடம் போறேன்,” என்றாள் மகள். “அங்க ஒரு வகுப்பு நடக்குது.”

அம்மையார் தீர்ப்பின் முப்பத்தொன்பதாம் பத்தியைத் தேடி, அந்தப் பக்கம் மேலே வரும்படி மடித்தார். ‘இறந்தவர் சுவிட்சைப் பூட்டியிருந்தார். அவரிடம் கவனக்குறைவு ஏதும் இல்லை.’ கீழே கையெழுத்து இன்னும் ஈரமாக இருந்தது. கலையாதபடி ஓரத்தைப் பிடித்து, தடுப்பின் அடிவழியே தள்ளாமல், தாமே எழுந்து கதவைத் திறந்து வெளியே வந்து, அதை அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தார்.